பெரியவளின் இடது கண்

பக்கத்து வீட்டில் ஒரு காலண்டர் கோணலாகத் தொங்கினால், நூல்காரருக்கு இங்கே தொண்டையில் சாப்பாடு இறங்காது. அப்படி ஒரு பிறவி. இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் பார்த்தால் போதும், ரசமட்டம் தேவையில்லை என்று பெயிண்டர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. போட்ட கோடெல்லாம் நூல் பிடித்தாற்போல் இருந்ததால்தான் அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. பெண்டாட்டிகூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனால் ஆறு வருஷமாக யாராவது "நூல்காரரே" என்று கூப்பிட்டால் அவருக்குச் சுருக்கென்று தைக்கும். வேண்டுமென்றே குத்திக்காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

அன்றைக்குக் காலையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் வேன் வந்து நின்று வெகுநேரமாகிவிட்டது. உள்ளே போனார், ஜன்னல் கொக்கி போட்டிருக்கிறதா என்று பார்த்தார், வெளியே வந்தார். மறுபடி உள்ளே போய் அதே கொக்கியைப் பார்த்தார். கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தின் வலது மூலையை ஒரு மயிரிழை மேலே தள்ளினார். எட்டி நின்று பார்த்துவிட்டு, தள்ளின அளவே திரும்பக் கீழே இழுத்தார்.

"அந்தப் படத்துல இருக்கிற எனக்கே தலை சுத்துது. கிளம்புங்களேன்" என்றாள் மனைவி.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வேலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?"

அதற்குள் வேனிலிருந்து தங்கச்சி இறங்கி வந்துவிட்டாள். இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது அவள்தான். சிறு வயதிலிருந்தே ஒன்றை நினைத்துவிட்டால் எதிரில் நிற்கிறவன் 'சரி' என்று சொல்லும்வரை விடமாட்டாள். "அண்ணே, வண்டில ஏறு. நீ பாக்க வேணாம், கண்ண மூடிக்கிட்டு நில்லு. ஆனா வந்துதான் ஆகணும். இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள காண்ட்ராக்டருக்குப் பதில் சொல்லணும், ஞாபகம் இருக்கட்டும்."

நூல்காரர் ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, தங்கச்சி புருஷன், கையை நீட்டி அந்தப் பெல்ட்டை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டு "ஆச்சு மச்சான்" என்றார். நூல்காரரும் அவர் பெல்ட்டை இரண்டு இழுப்பு இழுத்து "ஆச்சு" என்றார். முன் சீட்டிலிருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அது அவர்களுடைய தொழில் பழக்கம். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தவர்கள் அவர்கள். இடுப்பில் மாட்டுகிற கட்டு அவரவரே போட்டுக்கொள்வதானாலும், அதைச் சரிபார்க்கிறவன் கூட்டாளிதான். அவன் இரண்டு தடவை இழுத்துப் பார்த்து 'ஆச்சு' என்று சொல்கிறவரைக்கும் விளிம்பிலிருந்து யாரும் காலை எடுக்க மாட்டார்கள். சொந்தக் கட்டைத் தானே பார்த்தால் கண்ணுக்குக் குறை தெரியாது என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். நூல்காரரும் மாப்பிள்ளையும் பதினைந்து வருஷம் ஒருவர் உயிரை ஒருவர் இப்படி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் தங்கச்சியையே கட்டிக் கொடுத்தார்.

வேன் கிளம்பியதும் நூல்காரரின் முழங்கால் ஆட ஆரம்பித்தது. ஜன்னலை ஏற்றினார், இறக்கினார். மனைவி ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பின்னால் நீட்டினாள். வாங்கி, பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

போகிற இடம் பெரியவள். அணைக்கட்டுக்குப் பக்கத்துக் குன்றின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு சிமென்ட் பெண்ணுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. அவளுடைய கால் கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அவ்வளவு பெரிய உருவம் சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கும்பிட வேண்டியதில்லை, பயப்பட வேண்டியதில்லை. போய்ப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். அதற்குத்தான் தினமும் வேன் வேனாகக் கூட்டம் போகிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முதல்முதலில் வெள்ளை அடித்தது இவர்கள் இருவரும்தான். கடைசியாகக் கண். இரண்டு கறுப்பு வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஆள் இரண்டு கைகளையும் விரித்த அகலம். எங்கே போடுவது என்று அளந்து குறி போட்டது நூல்காரர். நெற்றியிலிருந்து தொங்கி, மூக்குத்தண்டிலிருந்து இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவு என்று நூல் பிடித்து, இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு இரும்பு ஆணி அடித்தார். அந்த ஆணியில் கயிறு மாட்டி, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டிச் சுற்றி வந்தால் வட்டம். வலது கண்ணை அவரே தீட்டினார். இடது கண் மாப்பிள்ளைக்கு. நடுவில் மூக்கு மதில்போல் நின்றதால் ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. லேசாகத் தூறிக்கொண்டிருந்த சாயங்காலம். இருட்டுவதற்குள் முடித்து இறங்கிவிட்டார்கள். காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தாடையும் மூக்குத்துளையும்தான் தெரியும். கண் தெரியாது.

மறுநாள் திறப்புவிழா. எதிர்மேட்டில் கூடின கூட்டம் முதலில் கை தட்டியது, பிறகு முணுமுணுத்தது, பிறகு சிரித்தது. பெரியவளின் வலது கண் ஒழுங்காகத் தண்ணீரைப் பார்த்தது. இடது கண் எங்கேயோ வேன் நிறுத்துகிற இடத்தைப் பார்த்தது.

காண்ட்ராக்டர் முகம் சிவந்து ஓடிவந்தார். "குறி போட்டவன் எவன்?"

"நான்தான் சார்" என்றார் நூல்காரர்.

"நீ எங்க வட்டம் போட்ட?" என்று அவர் மாப்பிள்ளையைப் பிடித்தார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மச்சான் அடிச்ச ஆணியைச் சுத்தித்தான் போட்டேன்."

அப்புறம் பேச என்ன இருக்கிறது? ஆணி தப்பு. ஆணி அடித்தவன் தப்பு. எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு நூல்காரர் குன்றிலிருந்து இறங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றுவரைக்கும் பார்க்கவில்லை. பத்திரிகையில் அந்தப் படம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

அதோடு கயிறும் போயிற்று. தன் கண்ணே தன்னை ஏமாற்றிவிட்டது என்று நம்புகிறவன் எப்படி விளிம்பில் நிற்பான்? பெயிண்ட் கடையில் கலர் கலக்கினார், விட்டார். கிடங்கில் காவல் நின்றார், விட்டார். இப்போது வண்டி நிறுத்துகிற இடங்களில் தரையில் வெள்ளைக் கோடு போடுகிற வேலை. ஒவ்வொரு கோட்டையும் மூன்று தடவை அளக்கிறார் என்று முதலாளி கத்துகிறார். வீட்டில் ஒரு அலமாரி மாட்டுவதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. போட்ட ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு மறுபடி அளப்பார். அத்தனை ஞாயிறும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது மாப்பிள்ளைதான். முகம் சுளித்ததில்லை, "போதும் மச்சான்" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று மனைவி வாய் ஓயாமல் சொல்லுவாள்.

இப்போது பெரியவளுக்கு மறுபடி வெள்ளை அடிக்க வேண்டும். பழைய காண்ட்ராக்டருக்கே வேலை. அவளுடைய மூக்கு முழியெல்லாம் தெரிந்த பழைய ஆட்கள்தான் வேண்டும் என்று இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார். நூல்காரர் வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் அந்தப் பேய் அவரை விட்டுப் போகும் என்பது தங்கச்சியின் கணக்கு.

வேன் மலைப்பாதையில் திரும்பும்போது மாப்பிள்ளை சொன்னார்: "மச்சானுக்குப் பிடிக்கலன்னா விட்ருங்களேன். அப்படியே அணையப் பாத்துட்டுத் திரும்பிடலாம்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் தங்கச்சி. "காலையிலேருந்து நீங்களும் ஒரு மாதிரியாத்தான் இருக்கீங்க. அண்ணனுக்குத் துணையா?"

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கியதும் நூல்காரர் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். டயரைப் பார்த்தார். டிரைவரிடம் காற்று சரியாக இருக்கிறதா என்று கேட்டார். டிரைவர் ஒரு மாதிரியாகப் பார்த்தான். மனைவி வந்து கையைப் பிடித்தாள். "வாங்க. நான் கூட இருக்கேன்ல" என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை. ஆறு வருஷம் இந்த மனுஷனுடைய பதைபதைப்போடு குடித்தனம் பண்ணினவள். அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது.

எதிர்மேட்டில் நல்ல கூட்டம். தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அதற்குள் ஒவ்வொருவராக நிற்க ஒரு வரிசை. சுற்றிக்காட்டுகிற பெண், கையில் மைக்கை வைத்துக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"வலது கண்ணு தண்ணியப் பாக்குது. இடது கண்ணு யாரப் பாக்குதுன்னு தெரியணுமா? இந்த வட்டத்துல நில்லுங்க. உங்களத்தான்! உலகத்துல இப்படி ஒரு சிலை கிடையாது. சிற்பி யோசிச்சு வச்சது இது. ஒரு கண்ணு தன் வேலையப் பாக்கணும், ஒரு கண்ணு வந்தவங்களப் பாக்கணும்."

கூட்டம் "ஆஹா" என்றது. ஒரு கிழவர் வட்டத்தில் நின்று மேலே பார்த்துக் கை ஆட்டினார். அவருக்கு அடுத்து நின்ற பெண் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணே! உன் தப்பைத்தான் ஊரே வரிசைல நின்னு பாக்குது! இதுக்கா ஆறு வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?"

மனைவியும் சிரித்தாள். "போய் நில்லுங்க. நீங்க வச்ச கண்ணு உங்களப் பாக்கட்டும்."

நூல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. யாருக்கு வேண்டும் இந்தப் புகழ்? தப்பைத் தப்பு என்று சொன்னவர்கள்மேல்கூட இவ்வளவு கோபம் வந்ததில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நான் எப்படித் தப்பாக அடித்தேன்? மூன்று தடவை நூல் பிடித்தேனே, அந்தக் கை எங்கே பிசகியது? அதற்கு யாரும் பதில் சொல்லாமல் கை தட்டினால் என்ன பிரயோஜனம்?

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தலையை நிமிர்த்தினார்.

வெயிலில் பெரியவள் கண்ணைக் கூச வைத்தாள். வெள்ளை அங்கங்கே உரிந்து உள்ளே இருந்த சாம்பல் நிறம் தெரிந்தது. இடது கண் சந்தேகமில்லாமல் கோணல்தான். வட்டம் காதுப் பக்கமாக ஒரு கை நீளத்துக்கு ஒதுங்கியிருந்தது. திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தார்.

"அழுறதப் பாருங்க" என்றாள் மைக் பெண். "ரெண்டு கண்ணுலயும் கண்ணீர்க் கோடு. போன ரெண்டு வருஷமாத்தான் வந்திருக்கு."

நூல்காரர் நின்றார்.

உண்மைதான். இரண்டு கண்ணிலிருந்தும் பழுப்பாக ஒரு கோடு கன்னத்தில் இறங்கியிருந்தது. கூட்டத்துக்குக் கண்ணீர். இவருக்கு, பார்த்த நிமிஷமே, துரு. ஒவ்வொரு கண்ணிலும் இரும்பு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவர் அடித்த ஆணி.

வலது கண்ணில் அந்தக் கோடு கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில் தொடங்கி இறங்கியது. அப்படித்தான் இருக்க வேண்டும். இடது கண்ணில் கோடு வட்டத்தின் நடுவிலிருந்து வரவில்லை. மூக்குப் பக்கத்து ஓரத்தில், கறுப்பும் வெள்ளையும் சேருகிற விளிம்பிலிருந்து இறங்கியது. அழுகிறவர்களுக்குக் கண்ணீர் மூக்கோரம்தானே வழியும் என்று யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை போலிருக்கிறது.

சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தார். கோடு போடுகிறவர் பையில் நூல் எப்போதும் இருக்கும். கையை முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூக்குத்தண்டிலிருந்து வலது பக்கத் துருக்கோடு வரைக்கும் நூலைப் பிடித்து நகத்தால் அடையாளம் வைத்தார். அதே நூலை இடது பக்கம் திருப்பினார். நகம் துருக்கோட்டின் மேல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

நம்ப முடியவில்லை. நான்கு எட்டு தள்ளி நின்று பிடித்தார். வரிசையில் நின்றவர்கள் வைய, அவர்களை இடித்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய் அங்கிருந்து பிடித்தார். படிக்கட்டில் இறங்கிப் பிடித்தார். எங்கிருந்து பிடித்தாலும் ஆணி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தது சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம். நான் தப்புப் பண்ணவில்லை. என் கண் என்னை ஏமாற்றவில்லை. எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருந்தது.

அடுத்ததாக வந்தது, பொட்டில் அறைந்தாற்போல், அந்தக் குரல். மச்சான் அடிச்ச ஆணியைச் சுத்தித்தான் போட்டேன்.

மாப்பிள்ளையைத் தேடினார். கூட்டத்தில் இல்லை. வேன் நிற்கிற பக்கம் ஒரு டீக்கடை. அங்கே பெரியவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெஞ்சில் காகிதக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். நூல்காரர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை, எழுந்து எதிரில் நின்றார்.

"நீ பாக்க வரலயா மாப்ள?"

"கூட்டமா இருக்கு மச்சான். அப்புறம் பாத்துக்கலாம்."

"ஆணி துருப்பிடிச்சிருக்கு."

வாய்க்குக் கொண்டுபோன கோப்பை பாதியில் நின்றது. "எந்த ஆணி?"

"ரெண்டும்தான். துரு கோடு கோடா இறங்கியிருக்கு. இங்கேருந்தே தெரியுது." கொஞ்சம் நிறுத்தி, "நான் அடிச்ச இடத்துலயே இருக்கு" என்றார்.

மாப்பிள்ளையின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. கோப்பையைப் பெஞ்சில் வைத்தார். அது நிற்காமல் சாய்ந்து டீ கால்மேல் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"காலு வழுக்கிடுச்சு மச்சான்."

"எப்ப?"

"அந்த ஆணிய எட்டணும்னா இமைய உதைச்சு மூக்குப் பக்கம் ஆடிப் போகணும்ல. தூறல்ல ஈரம். உதைச்சேன், வழுக்கி அப்படியே சுத்திட்டேன். தலைகீழா தண்ணி தெரிஞ்சுது. செத்துட்டேன்னு நெனச்சேன். கட்டு பிடிச்சுது. ஆனா அதுக்கப்புறம் கால எடுக்கவே முடியல மச்சான். அந்தப் பக்கம் ஆடவே முடியல. தொங்கின இடத்துலயே, கை எட்டின இடத்துல, ஆணிக்குப் பதிலா கட்டைவிரல நடுவுல ஊணி வட்டத்தப் போட்டேன். கொஞ்சம்தானே தள்ளியிருக்கும்னு நெனச்சேன். பக்கத்துலேருந்து பாத்தா என்ன தெரியும்?"

"கூப்பிட்டிருக்கலாம்ல. மூக்குக்கு அந்தப் பக்கம்தானே நான் இருந்தேன்."

"பயந்துட்டான்னு தெரிஞ்சா அப்புறம் யாரு கயித்துக்குக் கூப்பிடுவா?"

நூல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். இரண்டு எட்டு நடந்தார், திரும்பி வந்தார். "பயம் போகட்டும். பயம் யாருக்கில்ல? எனக்கும்தான் இருந்துது. மறுநாள் சொன்னியே, அது?"

"வாயில வந்துடுச்சு. ஒரு வாரத்துல உங்கிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ வேலைய விட்டுட்ட. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது? நாளைக்கு, நாளைக்குன்னு…"

"அலமாரி மாட்டினப்போ டேப்பப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, மாப்ள."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓட்டையப் போட்டுப் போட்டு நான் அடைச்சுக்கிட்டு இருந்தேன். என் கண்ணு போச்சு, கை போச்சுன்னு புலம்பிக்கிட்டு இருந்தேன். நீ மறுமுனையப் பிடிச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்த. ஒருநாள்கூட, ஒருநாள்கூட உனக்கு…" ஓங்கி ஒரு அறை விட வேண்டும் என்று கை பரபரத்தது. அந்த அறையை வாங்கிக்கொள்ள மாப்பிள்ளை தயாராக உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது."

"தெரிய வேணாம்."

"மச்சான்…"

"தெரிஞ்சா அவ உன்கூட வேன்ல ஏற மாட்டா. உனக்கே தெரியும் அவளப் பத்தி."

அந்தச் சமயம் பார்த்து இரண்டு பெண்களும் போனை நீட்டிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் வட்டத்தில் நின்று எடுத்த படங்கள். "பாருங்க, என்னையே பாக்குறா" என்றாள் மனைவி. டீ கொட்டியிருப்பதை அப்போதுதான் தங்கச்சி பார்த்தாள். "என்ன ரெண்டு பேரும் இழவு வீடு மாதிரி நிக்கிறீங்க? என்ன பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"வேலையப் பத்தி" என்றார் நூல்காரர். "போனைக் குடு. காண்ட்ராக்டர்கிட்ட நானே பேசுறேன்."

தங்கச்சி வாயைப் பிளந்தாள். அவசர அவசரமாக நம்பரைப் போட்டுக் கொடுத்தாள்.

"சார், நூல்காரர் பேசுறேன்" என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயிலிருந்தே வந்தது. மனைவி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "வேலைக்கு வர்றேன்."

காண்ட்ராக்டர் அந்தப் பக்கம் குதிக்காத குறை. பிறகு கொஞ்சம் இழுத்தார். "ஒரே ஒரு விஷயம். கண்ண மட்டும் சரி பண்ணிடாதீங்க. இப்ப எங்க இருக்கோ அங்கயேதான் இருக்கணும்னு ஆபீஸ்ல கண்டிஷனா சொல்லிட்டாங்க. ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்களாம். அன்னைக்கு உங்கள அப்படிப் பேசினதுக்கு…"

"அத விடுங்க சார். கோணல்னா கோணலா போட்டுக் குடுக்கிறேன். அளந்து போட்டுக் குடுக்கிறேன்." சொல்லும்போதே அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது. மனைவி அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. என்ன ஏது என்று கேட்காமல் அவளும் சிரித்தாள், கண்ணும் கலங்கியது.

"மாப்பிள்ளையும் வர்றார்ல?" என்று காண்ட்ராக்டர் கேட்டது வெளியே கேட்டது.

நூல்காரர் போனை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

மாப்பிள்ளை அதை வாங்கிக் காதில் வைத்தார். பெண்டாட்டியைப் பார்த்தார், பிறகு அன்றைக்கு முதல்முறையாகத் திரும்பிப் பெரியவளைப் பார்த்தார். "வர்றேன் சார்" என்றார். "ஆனா மேல ஏற மாட்டேன். கீழ நின்னு கயிறு பாக்குறேன். எனக்கு… உயரம் பயம் சார். ரொம்ப வருஷமா."

"என்னது?" என்றாள் தங்கச்சி. "எப்போலேருந்து? எங்கிட்ட சொல்லவே இல்ல? அண்ணே, உனக்குத் தெரியுமா இது?"

"இப்பத்தான் தெரியும்" என்றார் நூல்காரர்.

அவள் அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். எதுவோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது அவளுக்கு. என்ன என்று பிடிபடவில்லை. வேன் வரைக்கும் புருஷனைத் துளைத்துக்கொண்டே வந்தாள். அவர் "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றார். அதைக் கேட்டு நூல்காரர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை நிஜமாகவே சொல்லிவிடுவார் போல்தான் இருந்தது. சொல்லட்டும், சொல்லாமல் போகட்டும், அது இனி அவர் பாடு.

வேனில் அதே சீட்டு, அதே பக்கம். மாப்பிள்ளை உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். கொக்கி இரண்டு தடவை வழுக்கியது. நூல்காரர் அந்தப் பக்கம் குனிந்து, பெல்ட்டைப் பிடித்து வெடுக்கு வெடுக்கென்று இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார்.

"ஆச்சு" என்றார்.

மாப்பிள்ளையின் முகத்தில் உயிர் வந்தது. பழக்கதோஷத்தில், நன்றியில், அவரும் அவசரமாகக் கையை இந்தப் பக்கம் நீட்டினார்.

நூல்காரர் அதற்குள் தன் பெல்ட்டைத் தானே பிடித்திருந்தார். ஒரு தடவை இழுத்தார், இன்னொரு தடவை இழுத்தார்.

"என்னோடத நான் பாத்துக்கிறேன்" என்றார். "நீங்க உட்காருங்க."

இருபத்தோரு வருஷத்தில் அவர் மாப்பிள்ளையை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நீட்டின கை அப்படியே கொஞ்ச நேரம் நடுவில் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பியது. வேன் கிளம்பியது. நூல்காரருடைய முழங்கால் ஆடவில்லை.